அலை வேணுமாம் அலை!

வா தாயி, இந்தத் திண்ணையில சித்த உக்காரு. கையில அது என்ன? ஒங்கப்பன் காளைக்குச் சூடு போட வாங்குனதா? கோவிச்சுக்கிறாத, தெரியும் தெரியும், கர்லர். நாளைக்குக் காரைக்குடியில ஒங்க அத்தை மக ரிசப்ஷனுக்கு நீ தலையை அலை அலையா விட்டுக்கிட்டு வரப்போறியாம். நேத்து ராத்திரி ஒங்காத்தாகிட்ட நீ சொன்னதை நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலை. கிழவனுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சு நீங்கதான் சத்தமாப் பேசுறீக.

எனக்கு ஒரு கணக்கு மட்டும் பிடிபடலை. நீ பொறந்தப்பவே ஒன் தலை சுருள் சுருளா இருந்துச்சு. அப்படியே ஒங்கப்பத்தா தலை. பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப அதை எண்ணெய் வச்சுப் படிய வாரி, ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டுறதுக்குள்ள ஒங்காத்தாவுக்கு மூச்சு வாங்கும். அப்பறம் காலேஜுக்குன்னு மதுரைக்குப் போன. போன எடத்துல ஒரு பார்லர்ல காசைக் கொட்டி, ரீபாண்டிங்னு சொல்லி, அம்புட்டுச் சுருட்டையையும் நூல் பிடிச்சாப்புல நீட்டிக்கிட்டு வந்து நின்ன. இப்ப அந்த நீட்டுன முடியைச் சுருட்ட இன்னொரு செலவு. சுருட்டையை நீட்ட ஒரு வியாபாரி, நீட்டுனதைச் சுருட்ட ஒரு வியாபாரி, நடுவுல ஒன் தலை. நல்லாத்தான் இருக்கு, நடத்து.

அதுலயும் நீ கேக்குறது முழுச் சுருட்டை கிடையாதாம். நேராவும் இருக்கக் கூடாது, சுருண்டும் இருக்கக் கூடாது. படுத்து எந்திரிச்சு அப்படியே வந்தாப்புல ஏனோதானோன்னு நெளிஞ்சு கெடக்கணும். பாக்குறவுக, இந்தப் பிள்ளை தலைக்கு ஒண்ணுமே பண்ணலை போலன்னு நெனைக்கணும். அப்படி நெனைக்க வைக்கிறதுக்கு நீ ஒண்ணரை மணி நேரம் கண்ணாடி முன்னால நிக்கணும். ஒங்கப்பத்தா கலியாணமான புதுசுல ஈரம் முழுசா உணராத தலையைச் சடை போட்டுப் படுத்துட்டு, விடிஞ்சதும் அவுத்து விடுவா. சுருட்டை அடங்கி, நீ கேக்குற அதே அலை வந்து நிக்கும். எங்காத்தா அதைப் பாத்துட்டு, "தலைவிரி கோலமா நிக்காத, போயி அள்ளி முடி"ன்னு ஒரு அதட்டுப் போடுவா. அம்புட்டுத்தான், அந்த ஃபேஷன் ஷோ அடுப்படியோட முடிஞ்சிரும்.

ஒனக்கு இதைப் பத்தி என்ன ஐயா தெரியும்னு கேக்காத. அரசாங்க உயர்நிலைப் பள்ளியில லேப் அட்டெண்டரா இருந்தவன் நான். வருசா வருசம் பிள்ளைக மாறும், வாத்தியார் மாறுவாரு, பாடம் மட்டும் மாறாது. கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டிருந்த ஆளும் மாறலை. லைப்ரரிக்காரர் லீவு போட்டா அந்தச் சாவியும் என் இடுப்புலதான். பரிச்சை எழுதச் சொல்லியிருந்தா நான்தான் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க். நல்ல வேளை, யாரும் சொல்லலை.

அதனால கேளு. முடிங்கிறது கேரட்டின்னு ஒரு புரதம். நகமும் அதுதான், மாட்டுக் கொம்பும் அதுதான். அதுக்குள்ள நீள நீளமாப் புரதச் சங்கிலி கெடக்கு. அந்தச் சங்கிலிகளைப் பல விதமாக் கட்டி வச்சிருக்கு. ஒனக்கு ரெண்டு கட்டு தெரிஞ்சாப் போதும். ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு. ரொம்ப இளகுன கட்டு. தண்ணி பட்டா அவுந்துரும், சூடு பட்டா அவுந்துரும். காஞ்சதும் ஆறுனதும் மறுபடி கட்டிக்கும். இன்னொண்ணு டைசல்ஃபைடு, கந்தகக் கட்டு. அது இந்தக் கர்லருக்கெல்லாம் மசியாது, மருந்து போட்டு உடைச்சாத்தான் உண்டு. மதுரையில ஒன் தலையில கை வச்சாகளே, அன்னிக்கு உடைச்சுத் திருப்பிக் கட்டுனது அந்தக் கந்தகக் கட்டைத்தான். அதனாலதான் மாசக்கணக்கா தலைக்கு ஊத்தியும் ஒன் சுருட்டை திரும்பலை. ஆனா வேர்ல புதுசா முளைக்கிறதை எந்த பார்லரும் தடுக்க முடியாது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். குனி பாப்போம். ம்… ரெண்டு இஞ்சுக்கு ஒங்கப்பத்தா திரும்பி வந்துட்டா.

நாளைக்கு நீ செய்யப்போற வேலை அந்த இளகுன கட்டோடதான். சூடான கம்பியில முடியைச் சுத்துறப்ப ஹைட்ரஜன் கட்டு அவுருது. முடி எந்த வளைவுல இருந்துக்கிட்டு ஆறுதோ, அந்த வளைவுல புதுசாக் கட்டிக்குது. அலை விழுறது ஆறுறப்பத்தான் தாயி. இது தெரியாமத்தான் எல்லாரும் சூட்டை ஏத்திக்கிட்டே போறாக. கம்பியை விட்டு வந்த முடியை, வெதுவெதுன்னு இருக்கும்போதே ஆட்டிப் பாக்குறது, விரலை விட்டுக் கோதுறது, தோள்ல எடுத்துப் போட்டு செல்ஃபி எடுக்குறது. அது எங்கிட்டு நிக்கும்? மண்டபத்து வாசப்படி ஏறுறதுக்குள்ள தொங்கிப் போயிரும். அப்பறம் கம்பெனிக்காரனைத் திட்டுறது.

ஒன் டப்பாவுல 210 டிகிரின்னு பெருமையா அச்சடிச்சிருக்கு. இருக்குங்கிறதுக்காக அம்புட்டையும் ஒரே நாள்ல செலவழிக்கணுமா? சாதாரண முடிக்கு 160-லருந்து 180 தாராளம். நல்ல தடிச்ச, முரட்டு முடிக்குத்தான் 180-க்கு மேல யோசிக்கணும். மெலிசு முடி, சாயம் போட்ட முடி, ஒன்னைய மாதிரி மருந்துல முங்கி எந்திரிச்ச முடி, இதுக்கெல்லாம் 150-லயே ஆரம்பி. 200-ஐத் தாண்டுனா கேரட்டினே உருக்குலைய ஆரம்பிச்சிரும். வெளிய நீட்டிக்கிட்டிருக்குற முடியில உசுரு கிடையாது. கருகுன எடம் தானா ஆறிக்கும்னு காத்திருக்காத, கத்திரிக்கோல்தான் அதுக்கு வைத்தியம்.

இதைவிட முக்கியம், ஈரம். கர்லரை வச்சதும் சுர்ருன்னு சத்தம் கேட்டா, ஆகா நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோசப்படாத. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், இது ஆறாப்புப் பாடம். முடிக்குள்ள இருக்குற தண்ணி ஆவியாகி வெளிய வர வழி தெரியாம உள்ளுக்குள்ளயே குமிழி விடும். மைக்ராஸ்கோப்புல பாத்தா முடி நெடுக ஓட்டை ஓட்டையாத் தெரியும். வெளிநாட்டு டாக்டருக அதுக்கு ஒரு பேரே வச்சிருக்காக, குமிழி முடின்னு. 125 டிகிரி கம்பியை ஈர முடியில ஒரு நிமிசம் வச்சாலே அதுக்குப் போதும். அப்பறம் சீப்பு பட்ட எடத்துல ஒடியும். அதனால இன்னிக்குச் சாயங்காலமே தலைக்கு ஊத்திரு. நல்லா உணரட்டும். நாளைக்குக் காலையில ஊத்துனா இன்னொரு கஷ்டம். புதுசாக் குளிச்ச முடி வழுவழுன்னு வழுக்கும், அலை பிடிக்காது. முந்தின நாள் குளிச்ச தலைக்குத்தான் ஒரு பிடிமானம் இருக்கும்.

எண்ணெய்? அதைக் கேப்பன்னு தெரியும், ஒங்கப்பத்தா நேத்தே கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்துட்டாளே. தேங்கா எண்ணெய் நல்லதுதான்; மத்த எண்ணெய் மாதிரி மேலோட நிக்காம முடிக்குள்ளயே எறங்கும், குளிக்கிறதுக்கு முன்னாடி தேய்ச்சா புரதம் கரையுறதைக் குறைக்கும். அது குளிக்க முன்னாடி. எண்ணெய்த் தலையில சூட்டுக் கம்பியை வைக்கிறதுக்குப் பேரு அலங்காரம் கிடையாது, தாளிப்பு. செக்கு எண்ணெய் 175 டிகிரியிலயே புகைய ஆரம்பிக்கும். மண்டபத்துல ஒன்னைப் பாத்து, பந்தி ஆரம்பிச்சிருச்சான்னு கேப்பாக. அதுக்குன்னு தனியா விக்கிறான் பாரு, ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே, அதை அடிச்சுக் காயவிட்டுட்டு அப்பறம் ஆரம்பி. அதுல இருக்குற சிலிகானு முடி மேல மெல்லிசாப் படிஞ்சு சூடு ஏறுற வேகத்தைக் குறைக்கும். குறைக்கத்தான் செய்யும், தடுக்காது. அதை அடிச்சிட்டோமேன்னு 210-க்குப் போயிராத.

ஒரு கதை சொல்றேன், முகத்தைச் சுளிக்காத, சின்னக் கதைதான். இது நீயோ ஒன் இன்ஸ்டாகிராமோ கண்டுபிடிச்ச சமாசாரம் கிடையாது. ரோமாபுரியில காலமிஸ்ட்ரம்னு ஒரு உலோகக் கோல் இருந்துச்சு. அடிமைக அதைச் சாம்பல்லயும் கங்குலயும் சுட வச்சு எசமானுக்குச் சுருட்டி விடுவாக. பொம்பளைக மட்டும்னு நெனைக்காத, ஆம்பளைகளும்தான். சிசரோன்னு பெரிய பேச்சாளர், தன் எதிரியைச் சுருட்டுன தலையைச் சொல்லியே வைஞ்சிருக்காரு. நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? ஐம்பால்னு கூந்தலுக்கு அஞ்சு வகை சொல்லுவாரு எங்க தமிழய்யா: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. அதுல சுருளுக்கும் தனி எடம் உண்டு.

நீ கேக்குற இந்த அலைக்குச் சொந்தக்காரர் பாரிஸ்காரர், மார்செல் கிராத்தோ. 1872-ல இடுக்கியைச் சுட வச்சுத் தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு, முடியில அலையை வரிசையா எறக்கிக் காட்டுனாரு. அவரு பேராலயே மார்செல் அலைன்னு உலகம் பூராச் சுத்துச்சு, 1920-கள்ல வெளிநாட்டுச் சினிமாக்காரிக தலையெல்லாம் அதுதான். அப்ப டிகிரி காட்டுற டிஸ்ப்ளே ஏது? இடுக்கியை ஒரு வெள்ளைக் காயிதத்துல பிடிச்சுப் பாப்பாக. காயிதம் பழுப்பாப் போனா, ஆறவிட்டுத்தான் தலையில வைப்பாக. எனக்குப் பிடிச்சது அந்தக் காயிதம்தான். ஒன் கர்லர்ல நம்பர் பொய் சொல்லுதோன்னு சந்தேகம் வந்தா நீயும் பிடிச்சுப் பாரு. என்ன, ரேஷன் கார்டுல பிடிக்காத.

அப்பறம் கார்ல் நெஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரர், லண்டன்ல கடை போட்டவரு. தண்ணி பட்டாலும் போகாத நிரந்தர அலை வேணும்னு கெளம்பிட்டாரு. ஒவ்வொண்ணும் முக்காக் கிலோவுக்கு மேல நிறுக்குற பித்தளை உருளை, அது ஒரு டஜன், கரண்டுல சுடவச்சு, தலையில இடிக்காம இருக்க மேல சரவிளக்கு மாதிரி ஒண்ணுலருந்து எடை கட்டித் தொங்கவிட்டு, ஆறு மணி நேரம் உக்கார வச்சாரு. யாரை வச்சுச் சோதிச்சாருன்னு நெனைக்கிற? பொண்டாட்டியை. கத்தரினான்னு பேரு. முதல் ரெண்டு தடவையும் அந்தம்மா முடி கருகிப் போச்சு, மண்டையிலயும் சூட்டுக் காயம். அதுக்கப்பறமும் அவரு விடலை, திருத்தித் திருத்திக் கடைசியில ஜெயிச்சாரு. இதை ஒங்கப்பத்தாகிட்டச் சொன்னேன். "நானா இருந்தா ரெண்டாந்தடவை அந்தக் கம்பியை அவரு மீசையில சுத்தியிருப்பேன்"னா.

சரி, வேலைக்கு வருவோம். ஒன் கம்பியோட தடிமன் என்ன? 19 மில்லிமீட்டர்னா குட்டிக் குட்டிச் சுருளாத்தான் வரும், அதைத் திருப்பிக் குடுத்துரு. 25 பரவாயில்லை. 32 இருந்தா நீ கேக்குற தொளதொள அலைக்குத் தோது. தலையை ரெண்டு அடுக்காப் பிரிச்சு, மேலடுக்கைக் கிளிப் போட்டுத் தூக்கிக்க, கீழடுக்குலருந்து ஆரம்பி. ஒரு தடவைக்கு எடுக்குற கத்தை கம்பி அகலத்தைத் தாண்டக் கூடாது. நிறைய எடுத்தா வெளியில இருக்குற முடி வேகும், உள்ள இருக்குறது தூங்கும். கம்பியைக் குத்துக்கோடாப் பிடி, படுக்க வச்சுப் பிடிச்சா ஒங்க டீச்சரம்மா கொண்டை மாதிரி உருண்டு நிக்கும். வேர்லருந்து சுத்தாத, கன்னத்து எலும்பு உயரத்துலருந்து ஆரம்பி. நுனியில ஒரு இஞ்சு வெளிய விட்டுரு. அந்த நேரான நுனிதான் ஒண்ணுமே பண்ணலைங்கிற அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்லும்.

முகத்தை ஒட்டுன கத்தையை எப்பவும் முகத்தை விட்டு வெளிப்பக்கமாச் சுத்து. பின்னால போகப் போக ஒண்ணை வலதா, அடுத்ததை இடதா மாத்தி மாத்திச் சுத்து. எல்லாத்தையும் ஒரே பக்கமாச் சுத்துனா பிற்பாடு அம்புட்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே உருளையா நின்னுக்கும். அஞ்சுலருந்து எட்டு செகண்டு, வாய்விட்டு எண்ணு. நீ எண்ணாம ரீல்ஸ் பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டிருந்தா நான் வாசல்லருந்து எண்ணுறேன். எறக்கும்போது இழுத்து உருவாத. கம்பியை மெல்ல வெளிய எடுத்து, சுருளை உள்ளங்கையில வாங்கி அப்படியே ஆற விடு. வேணுங்கிற அலையைவிடக் கொஞ்சம் எறுக்கமாவே சுத்து, எப்படியும் மண்டபம் போறதுக்குள்ள எறங்கும். எல்லாம் முடிஞ்சதும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. புடவைக்குப் பின் குத்து, வளையல் போடு, ஒங்காத்தாகூட சண்டை போடு, தலையை மட்டும் தொடாத. கழுத்துப் பக்கம் தொட்டுப் பாத்துச் சூடே இல்லைன்னு தெரிஞ்சப்பறம்தான் விரலால ஒரு தடவை, இல்லைன்னா அகலப் பல்லுச் சீப்பால ஒரு தடவை. அப்பத்தான் சுருளு கலைஞ்சு அலையாகும். ஹேர் ஸ்ப்ரேயை முழங்கை தூரத்துலருந்து லேசா அடி. எம்புட்டு அடிச்சா எம்புட்டு நேரம் நிக்கும்னு கணக்குப் போட்டா, கடைசியில தலை தட்டுனா டங்குன்னு சத்தம் வரும்.

ஆபத்து ஒண்ணு சொல்லிப்புடறேன். லேப்ல புதுப் பிள்ளைகளுக்கு நாங்க முதல்ல சொல்றது, சூடான கண்ணாடியும் ஆறுன கண்ணாடியும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்னு. ஒன் கர்லரும் அப்படித்தான். ஆஃப் பண்ணிட்டேனேன்னு கட்டில் மேல போட்டுட்டுப் போயிராத. மெத்தை இருக்கு, ஒங்கத்தை எடுத்துக்குடுத்த பாலியஸ்டர் புடவை இருக்கு, ஒங்க சித்தி மகன் வேற எதைக் கண்டாலும் எடுத்து வாயில வைக்கிறவன். கடப்பாக் கல்லு மேல வச்சுப் பிளக்கைப் புடுங்கு. அந்த வெப்பம் தாங்குற கையுறையை ஏதோ ஓசியில வந்ததுன்னு தூக்கிப் போட்டுறாத, போட்டுக்க. அப்படியும் சுட்டுக்கிட்டா பேனா மை, பற்பசை, தோசை மாவுன்னு வீட்ல ஆளுக்கொண்ணு தூக்கிட்டு ஓடி வருவாக. யாரு பேச்சையும் கேக்காத. குழாயைத் தெறந்து இருபது நிமிசம் சாதாத் தண்ணியில காட்டு. ஐஸும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினா டாக்டர்.

மண்டபத்துல ஒனக்கு எதிரி யாருன்னு நெனைக்கிற? ஒங்க பெரியம்மா மகளா? அவ தலையும் ஒன்னைய மாதிரிதான் கெடக்கும், அவளும் கர்லர் வாங்கியிருக்கா. எதிரி காத்துல இருக்குற ஈரம். ஹைட்ரஜன் கட்டை அவுக்கத் தண்ணி போதும்னு சொன்னேன்ல? தண்ணி கொட்டணும்னு கூட அவசியமில்லை. பந்தி நடக்குற எடத்துல சாம்பார் ஆவி, பிடறியில வேர்வை, மழை வர்ற மாதிரி ஒரு புழுக்கம், இதுல ஒண்ணு போதும் ஒன் ஒண்ணரை மணி நேரம் தொங்கிப் போறதுக்கு. அதனால போட்டோவை முதல்ல எடுத்துக்க, சாப்பாடு அப்பறம். வாழ்க்கையில முதல் தடவையா நான் சாப்பாட்டை ரெண்டாவதாச் சொல்றேன், குறிச்சு வச்சுக்க.

பூவுக்கு என்ன வழி பண்ணியிருக்க? யோசிக்கலை, இல்லையா? விரிச்சுப் போட்ட தலையில நாலு முழம் மல்லியை எங்க தொங்க விடுவ? பூ கனத்துல முன்பக்க அலை அம்புட்டும் நேராகிரும். காதுக்கு மேல ஒரு பக்கமாக் கொஞ்சத்தை எடுத்துப் பின்னால கிளிப் போட்டு, அந்தக் கிளிப்புலயே ஒரு சாண் சரத்தைச் சுத்திக்க. மொட்டா இருக்குற சரமாப் பாத்து வாங்கச் சொல்லு, மண்டபத்துல போயி விரியட்டும். பூவே வைக்காமப் போன, ஒங்க அத்தை மாமியார் "பிள்ளைக்குத் தலையில ஏன் பூவைக் காணோம்"னு மைக்ல கேட்டாலும் கேப்பா. அவளுக்கு மைக் தேவையில்லைங்கிறது வேற விசயம். பெரிசுக யாராவது தலைவிரி கோலம்னு ஆரம்பிச்சா வாயைக் குடுக்காத. சிரிச்சுக்கிட்டே, "பாஞ்சாலி கூடத்தான் விரிச்சுப் போட்டா, எனக்குச் சபதமெல்லாம் இல்லை, ஐஸ்கிரீம் வர்ற வரைக்கும்தான்"னு சொல்லிட்டு நகந்துரு.

ராத்திரி வந்ததும் அப்படியே படுத்துறாத. ஸ்ப்ரே காஞ்ச முடியில சீப்பை மேலருந்து விட்டா கத்தை கத்தையாக் கையில வரும். நுனியிலருந்து சிக்கெடுத்து மேல மேல வா, தளரப் பின்னிக்கிட்டுப் படு, மறுநாள் தலைக்கு ஊத்து. வாரம் பூரா தினசரி இந்தக் கம்பியைத் தூக்காத, வெள்ளிக்கிழமை வளைகாப்பு வேற இருக்கு. அதுக்கு அப்பத்தா வைத்தியம், ஈரத்தலையில சடை. அவளே பின்னி விடுவா, கூலியா ஒன் போன்ல பழைய சிவாஜி பாட்டு ரெண்டு போட்டு விடணும்.

ஆங், இன்னொண்ணு. நாளைக்கு ஒன் வேலை முடிஞ்சதும் கம்பியை ஒடனே ஆஃப் பண்ணிராத. சூட்டை மட்டும் நல்லா எறக்கி வை, வெள்ளை முடிக்குச் சூடு கூடுனா மஞ்சளடிச்சுப் போகும். முன்னால ரெண்டு கத்தை போதுமாம், காதோரம் சும்மா நெளிஞ்சாப்புல. யாருக்குன்னு கேக்காத. கொல்லையில பாத்திரம் விளக்குற மாதிரி நின்னுக்கிட்டு நான் பேசுறதை அம்புட்டையும் கேட்டுக்கிட்டிருக்கா. காலையிலருந்து என்னையப் போட்டு அரிச்சு எடுக்குறா, நீயா கேட்ட மாதிரி கேளுங்கன்னு.